எடையைக் கூவிச் சொல்லாதீர்கள்

எடை பார்க்கும் மெஷினுக்கு முன்னால் ஒரு பச்சைத் திரை தொங்குகிறதே, அது எதற்கு என்று போன வாரம், நம் கிளினிக்கின் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் போனில் கேட்டீர்கள். இடத்தை அடைக்கிறது, துவைத்து மாட்ட ஆள் இல்லை, எடுத்துவிடலாமா மேடம் என்றும் கேட்டீர்கள். எடுத்துத்தான் பாருங்களேன், ஆட்டோ பிடித்து வந்து கையை ஒடிக்கிறேன். குழந்தைகள் டாக்டர் வேலையிலிருந்துதான் நான் ஓய்வு பெற்றேன். என் வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆகவே கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

நம் சனிக்கிழமை கிளினிக்குக்கு வருகிறவர்கள் வளரும் வயதுப் பிள்ளைகள். பூப்பெய்தியதும், மீசை அரும்பியதும், பத்தாவது பன்னிரண்டாவது என்று அல்லாடுகிறதும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விலா எலும்பை எண்ணலாம் போலிருக்கும் பிள்ளைகளைத்தான் இடுப்பில் சுமந்து கொண்டுவருவார்கள். பிற்பாடுதான் இரட்டைநாடி உடம்புக்காரப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். கழுத்தில் கறுப்பாகப் பட்டை விழுந்திருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து அம்மாக்கள் பீர்க்கநாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக் கூட்டிவருவார்கள். "நல்லாத்தானே இருக்கான், சதை இருக்கிற உடம்புல சத்துக் குறையுமா?" என்று கேட்பார்கள்.

குறையும். வைட்டமின் டி கொழுப்பில் கரைகிற சரக்கு. உடம்பில் கொழுப்பு மிகுந்தால் அது அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும், ரத்தத்தில் ஓடுவது கொஞ்சமாகிவிடும். மிகுந்த கொழுப்பு சும்மாவும் இருக்காது, உள்ளுக்குள்ளேயே மெல்லிய அழற்சியை மூட்டி வைத்திருக்கும். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, சி.ஆர்.பி. பரிசோதனையில் மட்டும் லேசாக ஏறிக் காட்டும். அந்தப் புகைச்சல் இரும்புச் சத்தைக் குடலிலிருந்து உள்ளே விடாமல் தடுக்கும். அதோடு ஃபெரிட்டின் என்கிற இரும்புக் கையிருப்புக் கணக்கையும் கூட்டிக் காட்டி நம்மை ஏமாற்றும். இதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது பவித்ரா.

பொங்கல் முடிந்த சூட்டோடு அவளை அவள் அம்மா ஈஸ்வரி கூட்டி வந்தாள். அனுமந்தன்பட்டிக்காரர்கள். அப்பா லாரிக்குப் போகிறவர், வீட்டில் இருப்பது அபூர்வம். ஈஸ்வரி கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் விடிகாலை ஜீப்பில் ஏறிப் போகிறவள். ஆள் குச்சி மாதிரி இருந்தாள். கூட வந்த பத்தாம் வகுப்புப் பெண்ணோ அம்மாவைப்போல இரண்டு பங்கு. அந்தக் குளிரில்லாத காலையிலும் முழுக்கைச் சட்டையும் சால்வையும் போர்த்திக்கொண்டு, கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

"தொடை கடுக்குதுங்கிறா டாக்டரம்மா. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. கிளாஸ்ல டெஸ்க்குல தலையை வச்சுப் படுத்துக்கிடுதாம். தின்னுட்டுத் தூங்குதுன்னு டீச்சர் சொல்றாக. இது ஒரு வாய் கூடத் திங்கிறதில்ல. காத்தைக் குடிச்சு ஊதுதுபோல."

அன்றைக்கு நம் கிளினிக்கின் நடைமுறை என்ன என்று உங்களுக்குத் தெரியாது. எடை மெஷின் வராந்தாவில், வரிசைக்கு நட்டநடுவே இருக்கும். ஸ்டெல்லா சிஸ்டர் எடையைப் பார்த்துச் சொல்வார், நாலடி தள்ளி மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண் எழுதிக்கொள்வாள். ஸ்டெல்லா சிஸ்டருக்குச் சர்ச்சில் பாடிப் பழகிய குரல். ஒரு முறை சொன்னால் வாசலில் இளநீர்க்காரனுக்கும் கேட்கும். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. காய்கறி மண்டியிலிருந்து ரேஷன் கடைவரை இந்தப் பள்ளத்தாக்கில் எடையைக் கூவித்தான் சொல்கிறோம். எங்கள் அப்பா போடி ஊரில் தன் கடையில் ஏலக்காய் நிறுக்கும்போதும் அப்படித்தான்.

என் அறைக்கு வருமுன் பவித்ராவும் அந்த மெஷினில் ஏறினாள். "எழுபத்தொன்பது!" என்று கூவினார் சிஸ்டர். பவித்ரா இறங்கினாள், உள்ளே வந்தாள்.

அப்போது என்னோடு ஒரு புது டாக்டர் இருந்தார். நல்ல பிள்ளை, நன்றாகப் படித்தவர், மனசில் கள்ளமில்லை. அவர்தான் பரிசோதனைகள் எழுதினார். வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. சி.ஆர்.பி. லேசாக ஏறியிருந்தது. ரத்தம் இதோ குறையப்போகிறேன் என்கிற அளவில் நின்றது. ஃபெரிட்டின் மட்டும் நார்மல். வாரத்துக்கு ஒரு பாக்கெட் வைட்டமின் டி பொடி, தினமும் நடை, கொழுப்பைக் குறையுங்கள். மூன்றையும் அழகாக எழுதி, அழகாகச் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் ஒரு பிழை இல்லை.

பொதுத்தேர்வு முடிந்து அவர்கள் மறுபடி வந்தபோது வைட்டமின் அளவு ஒரு இம்மிகூட ஏறியிருக்கவில்லை. எடையும் குறையவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், முகம் வாடிய கீரை மாதிரி. நாங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பத்தாவதோட நிப்பாட்டிக்கிடுறேங்கிறா டாக்டரம்மா. தையல் மெஷின் வாங்கிக் குடு, வீட்டுக்குள்ளயே இருந்துக்கிடுறேங்கிறா. நான் குளிரு, அட்டைக்கடின்னு பாக்காம மலையேறி எறங்குறது எதுக்கு? இவ படிக்கணும்னுதானே? மேல படிக்க உடம்புல தெம்பு இல்லைங்கிறா. நீங்கதேன் சொல்லணும்."

பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் இந்தப் பிள்ளையின் அசதிக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வரிசை படிக்கட்டுவரை போயிருந்தது. ஒரு அப்பா கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "இன்னும் எம்புட்டு நேரம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"டோஸ் பத்தல மேடம்" என்றார் புது டாக்டர் தாழ்ந்த குரலில். "உடல் பருமன் இருந்தா ரெண்டு மூணு மடங்கு தேவைப்படும். கூட்டிடலாம். ஐயர்ன் வேண்டாம், கையிருப்பு ஃபுல்லா இருக்கு."

அதுவும் புத்தகப்படி சரிதான். பேனாவை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் ஆமாம் என்று தலையாட்டுவதுதான் சுலபம், வரிசையும் நகரும். நீங்களும் நாளைக்கு இதே இடத்தில் உட்காருவீர்கள். அப்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், அது வாய்க்குள் எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். கேட்டால் போதாது. கேட்டால் எல்லாரும் "நீங்க சொன்னபடிதேன்" என்பார்கள். செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

"ஈஸ்வரி, பாக்கெட் ஏதும் கையில இருக்கா?"

"இருக்கு டாக்டரம்மா. சனிக்கிழமைதேன் குடுக்கிறது. இன்னும் குடுக்கல."

"அங்கன வீட்டுல எப்படிக் குடுப்பியோ, அதே மாதிரி இங்கன குடு ஆத்தா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் ஊற்றினாள். கறுப்பாக, பால் இல்லாத கட்டன் சாயா. மலைத் தோட்டத்துப் பழக்கம். பாக்கெட்டைப் பல்லால் கிழித்துப் பொடியைத் தட்டி, விரலால் கலக்கி மகளிடம் நீட்டினாள். பவித்ரா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

"காலையில என்னத்தா சாப்பிட்ட?"

"இதான்."

"பாலு?"

"பாலை நிறுத்திட்டோம்ல" என்று ஈஸ்வரி பெருமையாகச் சொன்னாள். "கொழுப்பைக் குறைங்கன்னு டாக்டர் தம்பி சொன்னாகள்ல? அன்னைக்கே பாலு, எண்ணெய், தேங்காய், முட்டை, கடலை எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. எங்க வீட்டு அடுப்புல தாளிச்ச சத்தம் கேட்டு எம்புட்டோ நாளாச்சு. குழம்பு கூட வெறும் புளித்தண்ணிதேன்."

புது டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கொழுப்பில் கரைகிற வைட்டமின் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறவே கூடச் சாப்பாட்டில் துளி எண்ணெயாவது வேண்டும். நாம் எழுதிக்கொடுத்த மூன்று கட்டளைகளில் ஒன்று இன்னொன்றின் காலை வாரிவிட்டிருந்தது. வெறும் வயிற்றில் கட்டன் சாயாவில் போன பொடி, போன வழியே போயிருக்கிறது. பிள்ளை பசி தாங்காமல் பள்ளிக்கூடத்து வாசலில் அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகளை வாங்கித் தின்றிருக்கிறாள், அதைப் பிற்பாடு அவளே சொன்னாள். எடை எப்படிக் குறையும்?

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏம்மா, வளர்ற பிள்ளையை இப்படியா காயப்போடுவ?" என்று சத்தம் போட்டேன்.

"நானுந்தானே டாக்டரம்மா திங்கல?" என்றாள் அவள், நிதானமாக. "பிள்ளை வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கையில எனக்கு மட்டும் எண்ணெய் ஊத்திச் சோறு எறங்குமா? நானும் நிறுத்திட்டேன்."

நான் எழுந்து போய் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. மகளுடைய இமையையும் பார்த்தேன். அதே வெளுப்பு. "தம்பி, கையிருப்பு ஃபுல்லுன்னு சொன்னீங்களே, வந்து இதைப் பாருங்க" என்றேன். அழற்சி புகைகிற உடம்பில் ஃபெரிட்டினை மட்டும் நம்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது ஞாபகத்துக்கு வர அந்த இமை வேண்டியிருந்தது. ரத்தத்தில் ஓடுகிற இரும்பு எவ்வளவு என்று பார்க்க, இரண்டு பேருக்குமே எழுதினார்.

"சரி, நடக்கிறீகளா?"

"ஒரு நா விட்டதில்ல. ஜீப்பு வர்றதுக்கு முன்னாடி, இருட்டோட வாய்க்காக் கரைப் பக்கம் போயிட்டு வந்துருவோம்."

"வெயில் ஏறுன பெறகு போகக் கூடாதா? நம்ம ஊருல வெயிலுக்கா பஞ்சம்? வெயில்லயும் இந்த வைட்டமின்தானே கிடைக்குது?"

ஈஸ்வரி மகளைப் பார்த்தாள். மகள் சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இதற்கு மேல் அம்மாவை வைத்துக்கொண்டு பேச்சு வராது என்று தெரிந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வா என்று ஈஸ்வரியைப் புது டாக்டரோடு அனுப்பினேன். அறையில் நானும் பிள்ளையும் மட்டும். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

வெளியே ஸ்டெல்லா சிஸ்டர் யாரோ ஒரு பையனுக்கு, "அறுபத்தொண்ணு நானூறு!" என்று கூவினார்.

பவித்ராவின் உடம்பு தூக்கிப் போட்டது. அவள் எண் இல்லை, அவளைச் சொல்லவும் இல்லை. ஆனாலும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். நான் அதைப் பார்த்துவிட்டேன், நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"போன தடவை வரிசையில எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் நின்னான் மிஸ்" என்றாள். டாக்டரை மிஸ் என்றுதான் கூப்பிட்டாள், பாவம். "மறுநாள் போர்டுல பெருசா எழுதியிருந்தாங்க, எழுவத்தொம்போதுன்னு. அதுல இருந்து அதான் என் பேரு. ஏலே, எழுவத்தொம்போது வருதுடாம்பாங்க. பி.டி. பீரியட்ல கிரவுண்டுக்குப் போறதில்ல. தெருவுல போறதில்ல. இருட்டுல போனா யாருக்கும் தெரியாதுல்ல?"

"அதுக்காகப் படிப்பை விடுவியா ஆத்தா?"

"லெவன்த்துக்கு யூனிஃபார்ம் மாறும். டெய்லர் கடையில டேப்பை வச்சு அளந்து, உள்ள இருக்கிறவருக்குக் கேக்கிற மாதிரி கத்துவாரு, இடுப்பு இம்புட்டு, நெஞ்சு இம்புட்டுன்னு. கடையில எல்லாரும் நிப்பாங்க. அங்கயும் கத்துவாக, இங்கயும் கத்துறீக. நான் போகல மிஸ். வீட்டுக்குள்ளயே இருந்துக்கிடுறேன்."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமே இல்லாமல், சால்வை நுனியைக் கடித்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ பிள்ளைகளின் அழுகையைக் கேட்ட காது இது. அந்தச் சத்தமில்லாத அழுகைதான் இன்னும் மறக்கவில்லை. வெயில் படாததற்கும், பள்ளிக்கூடம் வேண்டாம் என்றதற்கும் காரணத்தை நாங்கள் அவள் ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்தோம். பாதிக் காரணம் எங்கள் வராந்தாவில் இருந்தது.

நான் வெளியே போய் எடை மெஷினை நிறுத்தச் சொன்னேன். ஸ்டெல்லா சிஸ்டர் விழித்தார். "சத்தமா சொன்னாத்தானே டாக்டர் எழுதுறவளுக்குக் கேக்கும்?" அவரைத் தனியே கூட்டிப்போய் பவித்ரா சொன்னதை, பேர் சொல்லாமல், சொன்னேன். அவர் உடனே கட்டுப்போடும் அறையில் உபரியாகக் கிடந்த பச்சைத் திரையை எடுத்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறித் தன் கையாலேயே கட்டினார். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கட்டி முடித்துவிட்டு அறைக்குள் வந்தார். பேர் சொல்லாவிட்டால் என்ன, அழுத முகத்தைப் பார்த்தால் தெரியாதா? பவித்ரா முன்னால் நின்று, "ஆத்தா, என்னை மன்னிச்சுக்க. இனிமே கத்த மாட்டேன்" என்றார். நானும் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை மிரண்டுபோய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லைபோல.

ஈஸ்வரி திரும்பி வந்ததும் மருந்துச் சீட்டை மாற்றி எழுதினோம். பொடி பழைய அளவுதான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைக்குத் தட்டில் முட்டையோ தேங்காய் போட்ட கூட்டோ இருக்க வேண்டும்.

"தாளிக்கலாமா டாக்டரம்மா?" என்று கேட்டாள், ஏதோ களவுக்கு அனுமதி கேட்கிற மாதிரி.

"தாளி. தோசைக்கு நல்லெண்ணெய் விடு. அளவா விடு. கடையில விக்கிற பாக்கெட்டை நிறுத்து, வீட்டு எண்ணெயை நிறுத்தாதே. நீயும் தின்னு, இல்லாட்டி அடுத்த தடவை உன்னையும் பெட்டுல படுக்க வச்சு ஊசி போடுவேன்."

ரிப்போர்ட் வந்தபோது இரண்டு பேருக்கும் இரும்பு குறைவுதான். மாத்திரை கொடுத்து, கட்டன் சாயாவோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்று புது டாக்டர் மூன்று தடவை சொன்னார். விழுங்கிக் காட்டவும் சொன்னார். காலையில் பதினொரு மணி வாக்கில் கொஞ்ச நேரம் வெயிலில் நடக்கச் சொன்னோம். ஈஸ்வரிக்கு ஞாயிறுதான் விடுப்பு, அந்த ஒரு நாளாவது அம்மாவும் மகளும் சேர்ந்து போங்கள் என்றோம்.

மே கடைசியில் வந்தார்கள். பவித்ரா திரைக்குப் பின்னால் போய் எடை பார்த்தாள். ஸ்டெல்லா சிஸ்டர் எழுதி மடித்துக் கொடுத்தார். அந்த எண்ணை நான் உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. வைட்டமின் ஏற ஆரம்பித்திருந்தது, கடுப்பு குறைந்திருந்தது, மாடிப்படியில் நிற்காமல் ஏறி வந்திருந்தாள்.

"வெயில்ல நடந்தீகளா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம" என்றாள் ஈஸ்வரி. அவள் தோளில் ஒரு பெரிய கறுப்புக் குடை தொங்கியது.

"இது எதுக்கு?"

"வெயிலுக்குத்தேன்."

புது டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வெயில்ல நடன்னா குடையைப் பிடிச்சுக்கிட்டா நடப்பாக?"

"சிரிக்காதீக டாக்டரம்மா. அவதேன் பிடிக்கச் சொல்றா. தாழ்த்திப் பிடிச்சா எதுக்க வர்ற ஆளுக்கு மூஞ்சி தெரியாதாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. குடையை வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு நாக்கு துருதுருத்தது. புது டாக்டரும் சொல்லப்போனார். நான் கண்ணால் தடுத்தேன். "பிடிச்சுக்க ஆத்தா. கையை மட்டும் வெளிய நீட்டிக்க, அதுல வெயில் படட்டும்" என்றேன். மறைந்துகொள்ள ஒரு பிள்ளை வைத்திருக்கிற குடையை நாம் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்ததாக வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

கிளம்பும்போது ஈஸ்வரி சொன்னாள்: "டெய்லர் கடைக்குப் போறோம் டாக்டரம்மா. யூனிஃபார்ம் தைக்கணும்ல."

நான் பவித்ராவைப் பார்த்தேன்.

"கத்துனாருன்னா, மெதுவா சொல்லுங்க அண்ணேன்னு சொல்லுவேன்" என்றாள். "உங்க சிஸ்டரே கத்துறதை நிப்பாட்டிட்டாகள்ல?"

அவர்கள் போன பிறகு ஜன்னலுக்கு வந்தேன். உச்சி வெயில். வாசலில் ஈஸ்வரி பழக்கப்படி குடையை விரித்து, மகள் முகத்தை மறைக்கிற மாதிரி தாழ்த்திப் பிடித்தாள். நாலு எட்டு அப்படியே நடந்தார்கள். பிறகு பவித்ரா நின்றாள். அம்மா கையிலிருந்து குடையை வாங்கினாள். கையை உயர்த்தி, அதை அம்மா தலைக்கு மேல் பிடித்தாள். தான் வெளியே வெயிலுக்கு வந்துவிட்டாள். ஈஸ்வரி ஏதோ சொல்லித் தடுத்தாள், அவள் கேட்கவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடை தாழவில்லை. அப்படியே கடைத்தெருப் பக்கம் திரும்பிப் போனார்கள்.

பக்கத்தில் வந்து நின்ற ஸ்டெல்லா சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெயில் கண்ணைக் கூசுது டாக்டர்" என்றார். எனக்கும் கூசியது.

அந்தத் திரையை எடுக்காதீர்கள். துவைக்க ஆள் இல்லை என்றால் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், நான் துவைத்துத் தருகிறேன். அது காய்கிறவரைக்கும் எடையைக் காதோடு சொல்லுங்கள்.